மேல் சீட்டைப் பார்த்தவர்

செல்லச்சாமி அறுத்த ஷீட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சிவகாசியில் அந்தச் சீட்டுக்கட்டு அச்சகத்தில் அது எழுதி வைக்காத சட்டம். வேறு ஆள் கட்டிங் மிஷினில் நின்ற நாளென்றால் பேக்கிங் பெண்கள் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து முதுகைப் பார்ப்பார்கள், ஓரத்தை விரலால் தடவுவார்கள், பிடிக்காததைத் தூக்கி மூலையில் எறிவார்கள். செல்லச்சாமி நின்ற நாளென்றால் அதெல்லாம் கிடையாது. “அண்ணன் அறுத்ததா? பெட்டியில போடு” என்று அழகுமீனா சொல்லிவிடுவாள். சோதித்து அனுப்பும் பொறுப்பு அவளுடையது. அவள் சொல்வது மிஷின் சத்தத்தையும் மீறி அவர் காதில் விழும். விழாதது மாதிரி அடுத்த அடுக்கைத் தட்டிச் சரி செய்வார்.

எம். புதுப்பட்டியில் பிறந்தவர். அப்பா அடுத்தவர் காட்டில் களை வெட்டினார், அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரியதும், “நீ மருந்துப் பக்கமே போகாத, பேப்பர் பக்கம் போ” என்று அம்மாதான் பஸ் ஏற்றி விட்டாள். காலண்டர், டைரி, தீப்பெட்டி லேபிள் என்று ஊரில் அச்சாகிற எல்லாவற்றையும் அறுத்துவிட்டுக் கடைசியில் நல்லசிவம் முதலாளியின் சீட்டுக் கம்பெனியில் வந்து நிலைத்தார். மனைவி முருகம்மாள் இன்னும் அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசு வேலைக்குத்தான் போகிறாள். மகள் சினேகா விருதுநகரில் கல்லூரிக்குப் போகிறாள். சொத்து என்று சொல்ல அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘செல்லச்சாமி அறுப்பு’ என்ற பேர் இருந்தது.

சீட்டுக்கு முகத்தைவிட முதுகு முக்கியம். முகம் சீட்டுக்குச் சீட்டு மாறலாம், முதுகு மாறக்கூடாது. பூவேலையைச் சுற்றி ஓடுகிற வெள்ளைக்கரை ஒரு சீட்டில் மயிரிழை குறைந்தாலும் பழகிய கண் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் அதற்கப்புறம் நடப்பது ஆட்டம் இல்லை, திருட்டு.

இந்த வருஷம் மாசியில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. ரம்மிக் கட்டு இல்லை, போக்கர் கட்டு. பெங்களூரில் படித்து முடித்துக் கம்பெனிக்குத் திரும்பியிருந்த முதலாளி மகள் சுகிர்தாதான் பிடித்துக்கொண்டு வந்தாள். “நாம செய்யிற சீட்டுல என்ன ஆடுறாங்கன்னே நமக்குத் தெரியலைன்னா எப்படிப்பா?” என்று அப்பாவிடம் வாதாடி, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு லீவு விடுகிற அன்று கம்பெனிக்குள்ளேயே ஒரு போட்டி வைக்கச் சம்மதம் வாங்கினாள். காசு கிடையாது. அதற்குப் பதில் எல்லாருக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் வில்லைகள், சிப்ஸ் என்பார்கள். அது தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கிரைண்டர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடந்தது. ஆளுக்கு ரெண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு திறப்பார்கள், அதற்குப் பேர் பிளாப். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு திறப்புக்கும் இடையில் பந்தயமாகச் சிப்ஸ் தள்ளலாம், ஒருவர் தள்ளியதற்கு ஈடாக வைத்து ‘கால்’ சொல்லலாம், அல்லது கையைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகலாம். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் பிளஷ், ரெண்டு ஜோடியைவிடப் பெரிய கை. இவ்வளவும் செல்லச்சாமிக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. புரியாதது வேறொன்று. பிளாப்புக்கு அப்புறம் ஒரு சீட்டுக் குறைந்து நின்றால் அவரால் விடவே முடியவில்லை. தினமும் முதலில் தோற்று எழுந்தார்.

“ரம்மி புத்தியோட இதுக்கு வராதீங்க அண்ணே,” என்றாள் சுகிர்தா.

“ரம்மில கேட்ட சீட்டு இப்ப இல்லன்னா செத்த நேரங்கழிச்சு வரும் பாப்பா. தீந்து போனாலும் கலைச்சுத் திருப்பி வைப்பாக.”

“இங்க திருப்பி வைக்க மாட்டாங்க. கையில ரெண்டு ஆட்டின், நடுவுல ரெண்டு ஆட்டின்னு வச்சுக்கங்க.” சிவப்பு இதயச் சீட்டை அந்தப் பக்கம் ஆட்டின் என்பார்கள். “இன்னொண்ணு வந்தா பிளஷ். வர்ற வரைக்கும் அது கையே இல்ல, வெறும் ஆசை. ஆசைக்கு எம்புட்டு வெலை குடுக்கலாம்ங்கிறதுதான் இதுல கணக்கு. மொத்தம் பதிமூணு ஆட்டின், நாலு பாத்தாச்சு, மிச்சம் ஒம்போது. வரப்போற ரெண்டு சீட்டையும் பாக்க முடியும்னா நாலால பெருக்குங்க. நூத்துக்கு முப்பத்தாறு. ஒரு சீட்டுதான் பாக்க முடியும்னா ரெண்டால பெருக்குங்க.”

“இவன் பத்தாப்புல பெருக்கத் தெரியாமத்தான பாப்பா பேப்பர் வெட்ட வந்தான்,” என்றார் அச்சு மிஷின் அய்யப்பன்.

“ஏலே, நீ பத்தாப்பு வாசலையே மிதிக்கல.”

“அதான் தோக்கல.”

சுகிர்தா சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். “போட்டில சிப்ஸ் போனா போனதுதான். அதனால கொறைஞ்ச வெலைன்னா காத்திருங்க. எதிராளி மொத்தத்தையும் தள்ளினா, முப்பத்தாறை நம்பிப் பின்னாடி போகாதீங்க. தள்ளணும்னா நீங்க முந்திக்கங்க. அவங்க பயந்து போட்டுட்டா சீட்டு வராமலே உங்களுக்கு. பயப்படலன்னாலும் சீட்டு வர்றதுக்கு எடம் இருக்கு. முந்துறவனுக்கு ரெண்டு வழி, பின்னாடி போறவனுக்கு ஒரே வழி. இன்னொண்ணு, உங்க ஆட்டின் சின்னதா இருந்தா சூதானம். அவங்ககிட்ட பெரிய ஆட்டின் ரெண்டு இருந்தா, பிளஷ் வந்தும் தோப்பீங்க.”

அப்போதுதான் அவள் இன்னொரு முறையையும் சொன்னாள். நடுவில் சீட்டுத் திறப்பதற்கு முன்னால் மேல் சீட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிட வேண்டுமாம்.

“எதுக்கு நல்ல சீட்ட வீணாக்கணும்?” என்று கேட்டார், டீ டம்ளரோடு வந்து நின்ற நல்லசிவம்.

“முதுகைப் பாத்தே மேல் சீட்டு என்னன்னு யாராவது கண்டுபிடிச்சிருந்தா, அது அவங்களுக்கு உதவக் கூடாதுன்னுப்பா.”

முதலாளி சிரித்தார். “அதெல்லாம் வேற கம்பெனி சீட்டுக்கும்மா. செல்லச்சாமி அறுத்த சீட்ட முதுகப் பாத்து எவன் கண்டுபிடிப்பான்? நம்ம வீட்டுக்குள்ளயே நம்ம சரக்கச் சந்தேகப்பட்டா வெளங்குமா?”

எல்லாரும் கைதட்டினார்கள். மேல் சீட்டை ஒதுக்குவதில்லை என்று முடிவானது. செல்லச்சாமி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டியன்று அரை நாள்தான் வேலை. பேக்கிங் ஹாலில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே வெள்ளைப் பேப்பர் விரித்திருந்தார்கள். கணக்குப்பிள்ளை ரத்தினசாமி சீட்டுப் போட்டார். அன்று செல்லச்சாமிக்குப் பாடம் கைகொடுத்தது. நெற்றியைச் சொறிவார், உதடு அசையப் பெருக்குவார், விலை கூடினால் கையைப் போட்டுவிடுவார். ஒரு சுற்றில், அவர்கள் பேச்சில் ஒரு கையில், நாலு சீட்டு வரிசையாக நின்று ஐந்தாவது இல்லாதபோது, சுகிர்தா சொன்ன மாதிரி தானே முந்திப் பெரிய அடுக்காகத் தள்ளினார். அய்யப்பன் முழித்துப் பார்த்துவிட்டுக் கையைப் போட்டார்.

“என்னலே வச்சிருந்த?”

“ஆசை.”

ஹாலே சிரித்தது. அத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அவர், அய்யப்பன், அழகுமீனா. மதியத்திலிருந்து புழங்கிய கட்டு எண்ணெய்க் கையில் பிசுபிசுத்துப்போய்விட்டது. “லோடுக்குக் கட்டி வச்சதுல ஒரு பெட்டி பிரிங்க. கஸ்டமர் தொடப்போறத நாமளும் தொட்டுப் பாப்போம்,” என்றாள் சுகிர்தா.

ரத்தினசாமி புதுக்கட்டைக் கலைத்து மேசையில் வைத்தபோது செல்லச்சாமியின் கண் அதிலேயே நின்றது. மேலே கிடந்த சீட்டின் முதுகில், ஒரு முனை வெள்ளைக்கரை அடுத்த முனையைவிட மெலிந்திருந்தது. மற்றவர் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. அவருக்கு அது போதும்.

அந்த ஷீட்டில் நாலு வரிசை, வரிசைக்கு ஓர் இனம். கடைசி வரிசை ஆட்டின். கத்தி மழுங்கியிருக்கும்போது அடுக்கை உயர்த்தி வைத்தால் மேலே உள்ள ஷீட்டுகளைக் கத்தி இழுக்கும், கடைசி வரிசை மயிரிழை தப்பும். வரிசையிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் பஞ்ச் அடித்து எடுப்பவர்கள் அந்த ஓரத்தை ஒட்டி வைத்துத்தான் அடிப்பார்கள். தப்பு அப்படியே சீட்டில் ஏறிவிடும். இந்த லோடின் கடைசி அடுக்கை அறுத்த சாயங்காலம் அவருக்கு நினைவுக்கு வந்தது. சாணை பிடித்த கத்தி பக்கத்திலேயே தயாராக இருந்தது. மாற்ற நேரம் பிடிக்கும். பொங்கலுக்குத் துணி எடுக்க முருகம்மாள் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவைதானே என்று, இரண்டு அடுக்கை ஒன்றாக்கி வைத்து அறுத்துவிட்டுக் கிளம்பினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘இந்தக் கை முடியட்டும்’ என்று நினைத்தார்.

பார்க்கக் கூடாது என்றுதான் முயன்றார். ஆனால் அந்தக் கண்ணை முப்பது வருஷமாக அதற்கென்றே பழக்கி வைத்திருந்தார். அடுத்த கையில் அவருக்கு நாலு ஆட்டின் சேர்ந்து நின்றது. மேல் சீட்டின் கரை இரண்டு பக்கமும் சமம். அது ஆட்டின் இல்லை. அய்யப்பன் கொஞ்சம் சிப்ஸ் தள்ளியதும் செல்லச்சாமி கையைப் போட்டுவிட்டார். “பாத்தீங்களா, அண்ணன் விடக் கத்துக்கிட்டாரு,” என்று சுகிர்தா எல்லாருக்கும் காட்டினாள். காது மடல் சுட்டது.

அய்யப்பன் அழகுமீனாவிடம் தோற்று எழுந்தார். “ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க, கிரைண்டர் எங்க வீட்டுக்கு வரப்போறதில்ல,” என்று துண்டை உதறிக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

பிறகு அந்தக் கை வந்தது. செல்லச்சாமிக்கு ஆட்டின் எட்டும் ஏழும். நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் நாலு, கிளாவர் ஒன்பது. அழகுமீனா பிளாப்பைப் பார்த்தாள், தன் சீட்டைப் பார்த்தாள், இருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளினாள். அவளிடம் அவரைவிடக் கொஞ்சம் கூடுதல். பின்னால் போய்த் தோற்றால் அவர் எழ வேண்டியதுதான். ஒன்பதை நாலால் பெருக்கி, பெருமூச்சு விட்டுக் கையைப் போட வேண்டிய இடம்.

அவர் பெருக்கவில்லை. மேல் சீட்டின் கரை மெலிந்திருந்தது. அழகுமீனாவின் முன்னால் கவிழ்ந்து கிடந்த இரண்டு சீட்டுக்கும் கரை சமம். அவளிடம் ஆட்டினே இல்லை, பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை.

“கால்,” என்றார். சொன்ன வேகம் அவருக்கே திக்கென்றது.

அழகுமீனா திறந்தாள். இஸ்பேட் ராஜா, டைமன் ஒன்பது. ரெண்டு ஜோடி. ரத்தினசாமி மேல் சீட்டைத் திருப்பினார். ஆட்டின் ரெண்டு. அப்புறம் வந்தது கிளாவர் ஜாக்கி. ஹால் ஓவென்றது.

“முப்பத்தாறுக்கு மொத்தத்தையும் வச்சிட்டீங்களே அண்ணே,” என்று சுகிர்தா தலையில் கை வைத்தாள். “ஆடினது தப்பு. ஆனா வந்துருச்சு.”

“அண்ணனுக்கு இன்னைக்கு யோகம்,” என்றாள் அழகுமீனா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் முன்னால் பத்துப் பதினைந்து சிப்ஸ் மட்டும் கிடந்தது.

அடுத்த கைக்குச் சீட்டுப் போட ரத்தினசாமி கட்டைத் தூக்கினார். மேலே மறுபடியும் ஒரு மெலிந்த கரை. செல்லச்சாமி கையை நீட்டித் தடுத்தார்.

“வேணாம் கணக்குப்பிள்ள. இந்தக் கட்டு சரியில்ல.”

கட்டை வாங்கி, கவிழ்த்தபடியே ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். “இது ஆட்டின். இது இல்ல. இது இல்ல. இது ஆட்டின்.” சுகிர்தா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு மூலையாக அடங்கியது.

“லோடு பூராமா?” என்றார் நல்லசிவம்.

“கடைசி அடுக்கு மட்டும் மொதலாளி. ஆனா கலந்து கட்டியாச்சு. கத்திய மாத்தாம அறுத்துட்டேன். என் தப்புத்தான்.”

“எப்பப் பாத்த?”

அந்தக் கேள்வி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “இப்பத்தான்,” என்றார்.

முதலாளி அவரை ஒன்றும் சொல்லவில்லை. அழகுமீனா பக்கம் திரும்பினார். “நீ எதுக்கு இருக்க? முதுகத் திருப்பிக்கூடப் பாக்காமத்தான் பெட்டியில போட்டியா? கண்டெய்னர் ஏறியிருந்தா கம்பெனி பேரு என்ன ஆயிருக்கும்?” எல்லார் முன்னாலும் கேட்டார். ‘அண்ணன் அறுத்ததுன்னு பாக்கல’ என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை செல்லச்சாமியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் குனிந்துகொண்டார்.

“ஆட்டத்துக்கு நடுவுல, ஜெயிக்கப்போற நேரத்துல, தன் தப்பத் தானே எடுத்துச் சொல்ல எம்புட்டுப் பேருக்கு மனசு வரும்?” என்று முதலாளி அவர் தோளைத் தட்டினார். ஆட்டத்தை அத்தோடு நிறுத்தி, ஜெயித்தது செல்லச்சாமிதான் என்று சொல்லிவிட்டார். கிரைண்டரை அய்யப்பனே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் கட்டிவிட்டார்.

வீட்டில் கிரைண்டர் பிரிக்காமல் கிடந்தது. “பொங்கலுக்கு மாவாட்டணும், பிரிங்க,” என்றாள் முருகம்மாள். “அப்பறம் பாப்போம்,” என்றார். “தெருவே பேசுது. ஒங்க மொதலாளி கோயில்ல வச்சுச் சொன்னாராம், செல்லச்சாமி மாதிரி ஆளு கெடைக்க மாட்டான்னு. நீங்க என்னடான்னா எழவு விழுந்த வீடு மாதிரி ஒக்காந்திருக்கீக.” சினேகா கல்லூரிச் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாளாம். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. தப்பைச் சொன்னவன் என்ற பேர் கிடைத்துவிட்டது. தப்பில் பாதியை மறைத்து வாங்கிய பேர்.

லோடு தாமதமாகக் கூடாது என்று பொங்கல் லீவிலேயே பேக்கிங் பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள். ஊரே அம்மன் கோயில் பக்கம் போய்க்கொண்டிருக்க, அவர்கள் எதிர்த்திசையில் வந்து, ஹாலில் பாயை விரித்துக் கட்டுகளைப் பிரித்து முதுகு பார்த்தார்கள். செல்லச்சாமியை யாரும் கூப்பிடவில்லை. அவராகப் போனார். வண்டியில் கிரைண்டரைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார்.

“நீங்க எதுக்குண்ணே? நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்தவுகளாச்சே,” என்று ஓவியா நகர்ந்து இடம் விட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண். அவர் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்தார். எதிரே அழகுமீனா.

ஆளுக்கு ரெண்டு கட்டு பார்த்து முடித்தார்கள். பிறகு அழகுமீனா தலை நிமிராமலே சொன்னாள்.

“அந்தக் கையில நான் ரெண்டு ஜோடி வச்சிருந்தேன்.”

“தெரியும் தாயி. தெறந்து காமிச்சியே.”

“காமிச்சது பெறகு. நீங்க கால் சொன்னது முந்தி.” ஒரு சீட்டைத் தனியே எடுத்து வைத்தாள். “மதியச் சோத்து நேரமெல்லாம் ஒங்க கூடத்தான ஆடுனேன். நெத்தியச் சொறிவீக, வாய்க்குள்ள பெருக்குவீக, அதுக்குள்ள எங்களுக்குத் தூக்கமே வந்துரும். அன்னைக்கு நீங்க பெருக்கல.”

அவர் கையில் இருந்த கட்டு நழுவிப் பாயில் சிதறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“மேல் சீட்டப் பாத்தேன்,” என்றார்.

“என் சீட்ட?”

“அதையுந்தான்.”

“நான் வசவு வாங்குறப்பவாச்சும் வாயத் தொறப்பீகன்னு நெனச்சேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கடையில் சாமான் குறைந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “மொதலாளி ரூம்லதான் இருக்காக.”

அவர் எழுந்து போனார். உள்ளே நல்லசிவமும் சுகிர்தாவும் இருந்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் சொன்னார். கட்டைப் பிரித்ததுமே பார்த்தது, பார்த்துக் கையை விட்டது, பார்த்துக் கால் சொன்னது. கிரைண்டரைப் பிரிக்கவில்லை, வண்டியில் இருக்கிறது என்றார்.

சுகிர்தாவின் முகம் என்னவோ போலானது. “லோடு ஏன் லேட்டுன்னு கஸ்டமருக்கு எழுதணும்ல. எங்க கட்டிங் ஆளே பாதி ஆட்டத்துல நிப்பாட்டிட்டாரு, அவ்வளவு நேர்மைன்னு பெருமையா எழுதி அனுப்பிட்டேனே அண்ணே. அவங்க உங்க பேரு கேட்டு, பாராட்டிப் பதில் போட்டிருக்காங்க.”

பேர் தெரியாத ஊரிலும் யாரோ தன்னை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதுவரை அவர் கணக்கில் வரவில்லை.

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அழகுமீனாவ நான் எங்கன வச்சுத் திட்டுனேன்?”

“ஹால்ல மொதலாளி. எல்லாருக்கும் முன்னாடி.”

“அப்ப எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அங்கன வந்து சொல்லு.”

அவர் பின்னாலேயே முதலாளியும் வந்து வாசலில் நின்றார். பெண்கள் எழப் போனார்கள். வேண்டாம் என்று முதலாளி கையமர்த்தினார். உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில் செல்லச்சாமி நின்றார். அறையில் ஒழுங்காக வந்த பேச்சு இங்கே துண்டு துண்டாகத்தான் வந்தது. கத்தியைச் சொன்னார். மேல் சீட்டைச் சொன்னார். “மீனா மேல குத்தமில்ல. நான் அறுத்தா பாக்க வேண்டாம்னு ஒங்கள எல்லாம் பழக்குனது நாந்தான். அதச் சொல்லாம நின்னதும் நாந்தான்,” என்று முடித்தார்.

ஓவியா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். யாரோ செருமினார்கள். தூரத்தில் கோயில் மேளம் கேட்டது. அழகுமீனா ஒரு கட்டை முடித்து ரப்பர் போட்டு வைத்தாள்.

“சரி, ஒக்காருங்க. இன்னும் நெறையக் கெடக்கு,” என்றாள். அண்ணே என்று சேர்க்கவில்லை.

அவர் இருந்த இடத்தில் அதற்குள் பிரிக்காத பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். யாரும் நகர்த்தித் தரவில்லை. அவராகவே ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, கிடைத்த இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார்.